யார்டில் தேங்கி நின்ற புது கார்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொங்கு நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் புது வண்டி எடுப்போர் குறைவு. ஆவணி பிறக்கட்டும், தை பிறக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவதால், கோவை அவிநாசி சாலையிலும் ஈரோடு பெருந்துறை சாலையிலும் உள்ள ஷோரூம்கள் அந்த இரண்டு மாதங்களில் தள்ளுபடியைக் கூட்டுகின்றன. அந்தத் தள்ளுபடி பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள யார்டில் பல மாதங்களாக வெயிலில் நிற்கும் வண்டிக்குத்தான் கிடைக்கும். டீலர் அந்த வண்டியை வங்கிக் கடனில் வாங்கி வைத்திருப்பார். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் நாடு முழுவதும் டீலர்களிடம் ஏறக்குறைய 7.9 லட்சம் கார்கள், அதாவது 80 நாளைக்கும் மேற்பட்ட விற்பனைக்குரிய இருப்பு, தேங்கிக் கிடந்ததாக டீலர்களின் கூட்டமைப்பே அறிவித்தது. ஆகவே தேங்கிய வண்டி நம் கண்ணில் படுவதில் வியப்பில்லை.

தேங்கிய வண்டி என்றாலே வேண்டாம் என்று ஒதுக்குவது தேவையற்றது என்பது என் கருத்து. எத்தனை மாதம் நின்றது என்பதைக் காட்டிலும் எப்படி நின்றது என்பதே முக்கியம். கூரைக்கு அடியில், வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்யப்பட்டு, பேட்டரி கவனிக்கப்பட்டு எட்டு மாதம் நின்ற வண்டி, மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மூன்று மாதம் நின்ற வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கும். கீழே சொல்லப்படும் அறிகுறிகளில் சில ஓட்டினாலே தீர்ந்துவிடும். சிலவற்றை டீலர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். சிலவற்றைக் கண்டால் அந்த வண்டியையே விட்டுவிட வேண்டும்.

சோதனையைப் பாக்கித் தொகை கட்டுவதற்கும் பில் போடுவதற்கும் முன்பே செய்துவிட வேண்டும். பில் போட்டு, ஆர்.டி.ஓ. பதிவும் முடிந்த பிறகு கேட்கும் எதுவும் வேண்டுகோளாகிவிடும். அதற்கு முன் கேட்பது நிபந்தனையாக இருக்கும். ஆயுத பூஜை, விஜயதசமி போன்ற நாள்களில் ஒரே காலையில் பல வண்டிகளைக் கொடுத்தனுப்புவார்கள் என்பதால் அன்று சோதித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும் நாளுக்குச் சில நாள் முன்னதாக, பகல் வெளிச்சத்தில், இன்ஜின் குளிர்ந்திருக்கும் நேரத்தில், குறிப்பிட்ட அந்த சேசிஸ் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) கொண்ட வண்டியையே பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு டார்ச், வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர், டயர் காற்றழுத்தம் பார்க்கும் கருவி, கைபேசியில் கேமரா ஆகியவை இருந்தால் போதும்.

அறிகுறி: சொல்லப்படும் மாதமும் வண்டி காட்டும் மாதமும் பொருந்தவில்லை

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னதாக இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "போன மாசம்தான் வந்த வண்டிங்க" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஷோரூமுக்கு வந்தது போன மாதமாகவும், தொழிற்சாலையிலிருந்து இறங்கியது அதற்கு ஏழு மாதம் முன்பாகவும் இருக்கலாம்.

சேசிஸ் எண் 17 எழுத்து, இலக்கங்களைக் கொண்டது. அதில் பத்தாவது இடம் பெரும்பாலான நிறுவனங்களில் ஆண்டைக் குறிக்கும்: ஆர் (R) என்றால் 2024, எஸ் (S) என்றால் 2025, டி (T) என்றால் 2026. மாதத்தைக் குறிக்கும் எழுத்தைப் பல நிறுவனங்கள் சேர்க்கின்றன என்றாலும் அதன் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், அதை ஷோரூமிலேயே விளக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது நல்லது. அடுத்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். இது டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பதால் சில சக்கரங்களில் உள்பக்கம் மறைந்திருக்கும். டார்ச் பிடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். டயர் வண்டிக்குச் சில வாரமோ ஓரிரு மாதமோ முன்பு தயாராகியிருப்பது இயல்பு. நான்கில் ஒன்று மட்டும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால், பழைய டயர் எங்கே போனது, ஏன் மாற்றினார்கள் என்று கேட்காமல் நகரக் கூடாது. சீட் பெல்ட்டின் அடிநுனியில் தைக்கப்பட்ட துணிச்சீட்டிலும் பெரும்பாலும் தேதி இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான சான்று படிவம் 21, அதாவது டீலர் தரும் விற்பனைச் சான்றிதழ். அதில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதப்பட வேண்டும். அதுவே பின்னர் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழிலும் ஏறும். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, புக்கிங் படிவத்தில் சேசிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் எழுதி டீலரின் முத்திரையோடு வாங்கிவிட்டால், கடைசி நாளில் வேறு வண்டி வந்து நிற்கும் தொல்லை இராது. எழுதித் தர மறுக்கும் டீலரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகத் தயங்குகிறது, அல்லது வேறு பேட்டரி வைத்து உயிர் கொடுக்கிறார்கள்

தேங்கிய வண்டியில் முதலில் சாவது பேட்டரிதான். வண்டி பூட்டிக் கிடந்தாலும் அலாரம், கடிகாரம், சாவியைத் தேடும் கருவி எல்லாம் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விடப்பட்ட பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடுவதால், அதை எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆனால் முதல் நாள் இரவு சார்ஜரில் போட்டுவிட்டால், மறுநாள் டெலிவரியின்போது ஒரே சாவித் திருப்பலில் வண்டி கிளம்பும். ஆகவே ஸ்டார்ட் ஆனதை மட்டும் கண்டு நம்பிவிடக் கூடாது.

சோதிக்கும் முறை இது. இன்ஜினை அணைத்த நிலையில் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் இறங்கியதும், சில நிமிடம் கழித்து மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வையுங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் முழு நிறைவு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம். பின்னர் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி மீட்டரைக் கவனியுங்கள். சுழலும் அந்த நொடியில் 9.6க்குக் கீழ் விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் மின்னேற்றத்தைக் கணினி கட்டுப்படுத்துவதால் இந்தக் கடைசி அளவு சற்று ஏறி இறங்கலாம். அதற்காகப் பதற வேண்டியதில்லை.

தீர்வு: புதிய பேட்டரி. சார்ஜ் செய்து தருகிறோம் என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். சிக்னலில் இன்ஜின் தானாக நின்று கிளம்பும் வசதி கொண்ட வண்டிக்கு அதற்கென உள்ள வகை பேட்டரியே போட வேண்டும். சாதாரண வகையை மாட்டினால் விரைவில் கெடும். புதிய பேட்டரியின் வரிசை எண், தேதி, வாரண்டி அட்டை மூன்றையும் பில்லோடு சேர்த்து வாங்குங்கள்.

மின்சார காரிலும் இந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுவும் இதே போல் சாகும். அதில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது பெரிய பேட்டரி. அதை முழுச் சார்ஜிலோ வெறுமையாகவோ மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பது நல்லதல்ல. பாதி அளவில் நின்றிருந்தால் கவலை இல்லை. சர்வீஸ் கணினியில் அதன் ஆரோக்கிய அளவை எடுத்து அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஸ்டீயரிங் நடுங்குகிறது, வண்டி குதிக்கிறது

ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்ற டயரின் அடிப்பகுதி தட்டையாகிவிடும். வேகம் ஏறும்போது அது ஒரு சீரான தடதடப்பாக ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் தெரியும். முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். நெடுநாள் நிற்கும் வண்டிக்கு வேண்டுமென்றே காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பதுண்டு. அதைக் குறைக்க மறந்துவிட்டால் வண்டி குதிக்கும், அதை நாம் சஸ்பென்ஷன் கோளாறு என்று நினைத்துக்கொள்வோம். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றைச் சரிசெய்த பின்பே மேலே போக வேண்டும்.

பிறகு சாலையில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட வேண்டும். டயர் சூடேறினால் தற்காலிகத் தட்டை தானே உருண்டு சரியாகிவிடும். பதிவாகாத வண்டியைப் பொதுச் சாலையில் இறக்க டீலரின் டிரேடு சான்றிதழ் தேவை என்பதால் அவர்களின் ஓட்டுநரே ஓட்டட்டும், நீங்கள் உடன் அமர்ந்து கவனியுங்கள். நீலம்பூர் புறவழிச்சாலை போன்ற தடையற்ற சாலைதான் இதற்கு ஏற்றது. நகருக்குள் குழிக்கும் டயருக்கும் வேறுபாடு தெரியாது. ஓடிய பின்னும் நடுக்கம் இருந்தால் வீல் பாலன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால் டயரை மாற்றித் தர வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் ஓட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம், நேரே மாற்றக் கேளுங்கள். சாலைக்குக் கொண்டுபோகச் சம்மதிக்காத டீலர்கள் பலர்; அவர்களிடம், டெலிவரிக்குப் பின் நடுக்கம் இருந்தால் டயரை மாற்றித் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அறிகுறி: பிரேக்கில் கரகரப்பு, அல்லது கிளம்பும்போது டப் என்ற ஓசை

டிஸ்க்கின் மேல் படியும் செந்துரு மழை பெய்த மறுநாளே வந்துவிடும். நாலைந்து முறை அழுத்திப் பிடித்தால் உராய்ந்து போய்விடும். இதற்குப் பயப்பட வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டபடியே நெடுநாள் நின்றிருந்தால் பின்சக்கரத்து பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, கிளம்பும்போது டப் என்று விடும். ஒரு முறை விட்டதும் சரியாகிவிட்டால் நல்லது. மீண்டும் மீண்டும் கேட்டால் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும். டிஸ்க்கில் விரல் நகம் இடறும் அளவுக்குக் குழிகள் விழுந்திருந்தால் துரு ஆழமாகப் போய்விட்டது, டிஸ்க்கை மாற்றக் கேளுங்கள். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கக்கூடியது என்பதால், வண்டி ஓராண்டுக்கு மேல் நின்றிருந்தால் அதையும் இன்ஜின் ஆயிலையும் புதிதாக ஊற்றித் தரச் சொல்வது நியாயமான கோரிக்கை.

அறிகுறி: எச்சரிக்கை விளக்கு அணையவில்லை, ஏதோ ஒரு வசதி வேலை செய்யவில்லை

பழைய சார்ஜ் இறங்கிய பேட்டரியாலேயே பாதி விளக்குகள் எரியும். பேட்டரி மாற்றிய பிறகும் எரிந்தால் எலியைச் சந்தேகிக்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டியும், கோபி, சத்தியமங்கலம் பக்கம் கரும்புக் காட்டை ஒட்டியும் இருக்கும் யார்டுகளில் இது மிகச் சாதாரணம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே தேங்காய் நாரும் நிலக்கடலைத் தோலும் கூடாகக் கட்டியிருந்தால், வேறு சான்று தேவையில்லை. இன்ஜின் மேலே செல்லும் வயர் கட்டுகளில் தொழிற்சாலை நாடாவோடு ஒத்துப்போகாத புதுக் கருப்பு டேப் சுற்றப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடிபட்ட வயரை ஒட்டுப்போட்டுக் கொடுப்பார்கள். அது சில மாதம் நன்றாக ஓடி, மழைக்காலத்தில் மறுபடி தொல்லை தரும். வயர் கட்டு முழுவதையும் மாற்றித் தர வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏர்பேக் விளக்கு வேறு கணக்கு. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம். இரண்டாவது வகை வண்டியைப் பேரம் பேசாமல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: உள்ளே ஈர வாடை

ஏ.சி.யைப் போட்டதும் வரும் புழுக்க வாடை வெறும் கேபின் ஃபில்டர் பிரச்சினையாக இருக்கலாம். ஃபில்டரை மாற்றி, குளிர்விக்கும் பகுதியைத் துப்புரவு செய்தால் போய்விடும். கார்ப்பெட்டின் அடியிலிருந்து வரும் வாடை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான யார்டுகளில் தண்ணீர் நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். நடுவில் சேற்றுக் கோடு தெரிந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்த சுவடு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே போதும்.

"ஷெட்டுக்குள்ளயே நின்ன வண்டிங்க, ஒண்ணும் ஆகியிருக்காதுங்க" என்று ஊழியர் சொல்வார். அவரும் அந்த வண்டியை அன்றுதான் பார்த்திருப்பார். வெள்ளம் கண்ட வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அறிகுறி: பெயின்ட்டில் சிராய்ப்பு, ஒரு கதவு மட்டும் நிறம் மாறித் தெரிகிறது

ஆனி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று, பொள்ளாச்சி, பல்லடம் வழியெங்கும் வண்டியின் மேல் மண்ணைக் கொட்டும். அதை உலர்துணியால் தேய்த்துத் துடைப்பதால் சுருள்சுருளாக மெல்லிய கீறல்கள் விழும். பாலிஷ் போட்டால் மறையும். பறவை எச்சமும் வேப்ப மரத்துப் பிசினும் நெடுநாள் கிடந்த இடத்தில் பெயின்ட் அரித்துப்போகும், அது பாலிஷுக்கு மசியாது. கதவுக் கீல், முன்பக்கத் தகடு ஆகியவற்றின் போல்ட் தலைகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு பாகம் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டதென்றால், அடியில் என்ன நடந்தது என்று சொல்லாதவரை அதைப் புது வண்டி விலைக்கு வாங்க நியாயமில்லை.

அறிகுறி: கிலோமீட்டர் அதிகமாக ஓடியிருக்கிறது

யார்டிலிருந்து ஷோரூம், ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளை என்று நகர்ந்ததில் சில பத்து கிலோமீட்டர் கூடுவது இயல்பு. திருப்பூரிலிருந்து கோவைக்கு ஒரு முறை ஓட்டி வந்தாலே ஐம்பது ஏறிவிடும். முந்நூறு, நானூறு என்று காட்டினால் அது வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்டிய வண்டியாக இருக்கலாம்; அதற்குரிய விலையே வேறு.

அறிகுறி: இன்ஜின் விட்டு விட்டு ஓடுகிறது

டேங்கில் கிடந்த கொஞ்சப் பெட்ரோல் மாதக்கணக்கில் பழசாகி வீரியம் இழந்திருக்கும். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் சேர்வதால் அது ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். டேங்கை நிரப்பி ஓட்டினால் பெரும்பாலும் தீரும். புகையின் நச்சைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் டீசல் வண்டியாக இருந்தால், அந்தக் கரைசல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டும் 35 டிகிரியில் அரையாண்டுமே தாங்கும் என்பதால், வெயிலில் நின்ற வண்டியில் அதை வடித்துப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி: வண்டி நன்றாக இருக்கிறது, காகிதம் சரியில்லை

இது கண்ணுக்குத் தெரியாததால் பலர் தவறவிடுகிறார்கள். வாரண்டி பொதுவாக விற்பனைத் தேதியிலிருந்து தொடங்கும். ஆனால் மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக, விற்காத வண்டியையே விற்றதாக நிறுவனத்தின் கணினியில் ஏற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படியானால் உங்கள் வாரண்டி நீங்கள் வாங்கும் முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். அதே நிறுவனத்தின் வேறொரு அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, வாரண்டி தொடக்கத் தேதி, இதுவரை செய்த பழுதுகள், நிலுவையிலுள்ள ரீகால் (குறைபாட்டைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

வரியில் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1500 சி.சி. வரையிலான டீசல் கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு, தனி செஸ் (மேல்வரி) கிடையாது. அதற்கு முன் தயாரான வண்டியானாலும், பில்லும் பணமும் அதற்குப் பின் என்றால் புதிய விகிதமே பொருந்தும். வரிக் குறைப்பைத் தம் தள்ளுபடியாகக் காட்டும் டீலரிடம் இரண்டையும் தனித்தனியே எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

எவ்வளவு குறைத்துக் கேட்பது என்பது நீங்கள் எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்கழியில் வாங்கும் வண்டி தை பிறக்கும் முன்பே போன வருஷத்து வண்டியாகிவிடும். பழைய வண்டிப் புரோக்கர் முதலில் கேட்பதும் எந்த வருஷம் என்பதைத்தான். மூன்றாண்டில் விற்றுவிடும் பழக்கமுள்ளவர் அந்த ஓராண்டு இழப்பை இப்போதே தள்ளுபடியில் வாங்கிவிட வேண்டும். தோட்டத்துக்கும் டவுனுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓட்டுபவருக்கு அது பெரிய கணக்கல்ல. அவர் பணத்தை விட்டுப் புது பேட்டரி, நல்ல டயர், கூடுதல் வாரண்டி என்று கேட்பது மேல்.

ஒத்துக்கொண்ட வேலைகளை டீலரின் தாளில் தேதியோடு எழுதி வாங்கி, முடிந்ததும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டே பாக்கியைக் கட்டுங்கள். தயாரிப்பு மாதத்தை மறைத்தோ பழுதை மறைத்தோ விற்றது பின்னர் தெரியவந்தால், முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்பி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் பதில் இல்லையெனில், வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு மிகாதவரை, இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க வழி உண்டு. புக்கிங் படிவம், படிவம் 21, சோதனையன்று எடுத்த டயர், சேசிஸ் படங்கள் ஆகியவற்றை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.